ரசிகர் மாநாட்டில் ஃபார்மல் டான்ஸ்: டர்பனில் எப்படி நடத்துவது?

கேள்வி: "தென்னாப்பிரிக்காவில், டர்பனில் நண்பர்கள் சேர்ந்து இரண்டு நாள் அனிமே, காமிக்ஸ் ரசிகர் மாநாடு நடத்துகிறோம். சனிக்கிழமை இரவு சுமார் 120 பேருக்கு ஃபார்மல் டான்ஸ் ஒன்று வைக்க ஆசை. எங்களில் யாருக்கும் வால்ட்ஸ் என்ற ஜோடி நடனம் தெரியாது. ஹால், உடை, இசை, மது என்று எதிலிருந்து ஆரம்பிப்பது? நடுவில் தமிழ்ப் பாட்டு போட்டால் கேலி செய்வார்களா?"

தம்பி, ஹாலும் டிஜேயும் காசு கொடுத்தால் கிடைத்துவிடும். காசு கொடுத்தாலும் கிடைக்காத ஒன்று இருக்கிறது. முதல் அரை மணி நேரம் சுவரோரமாக நின்று செல்போனைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களைத் தரைக்குக் கொண்டுவருவதுதான் அது. பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்புப் பிள்ளைகளுக்கு வைக்கும் மேட்ரிக் டான்ஸ் கமிட்டிகளில் பல வருடம் இருந்தவள், பால்ரூம் வகுப்பும் எடுக்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன்: அலங்காரத்துக்குக் கொட்டும் பணத்தில் பாதியை ஆடக் கற்றுக்கொடுப்பதற்கு ஒதுக்குங்கள்.

மேட்ரிக் டான்ஸை ஏன் இழுக்கிறேன் என்றால், நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஃபார்மல் டான்ஸ் என்றால் அதுதான் ஞாபகம் வரும். வாடகைக் கார், தையல்காரரிடம் மாதக்கணக்கில் அலைந்து தைத்த கவுன், சிவப்புக் கம்பளத்தில் போட்டோ. அதோடு சரி. உள்ளே போனால் சாப்பாடு, பேச்சு, பிறகு கிளப்பில் ஆடுவதுபோல ஒரு குலுக்கல். ஜோடி சேர்ந்து ஆடுகிற பழக்கம் நம்மிடம் இல்லாமல் இல்லை. 1950களில் விக்டோரியா தெருவில் பம்பி நாயுடுவின் குட்வில் லவுஞ்சில் ஜாஸ் கேட்ட தலைமுறையில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். உங்கள் தாத்தாவைக் கேட்டுப் பாருங்கள், ஃபாக்ஸ்ட்ராட் ஆடிக் காட்டினாலும் காட்டுவார்.

ரசிகர் மாநாட்டுக்கும் இது புதிதில்லை. 1939இல் நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கு ஃபாரஸ்ட் ஆக்கர்மனும் மிர்ட்டில் டக்ளஸும் எதிர்கால உடை போட்டுக்கொண்டு வந்தார்கள். கதாபாத்திரம்போல வேஷம் போடும் இன்றைய காஸ்பிளேயின் ஆரம்பம் என்று அதைத்தான் சொல்வார்கள். பிறகு அமெரிக்க மாநாடுகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கமான ரீஜென்சி காலத்து இங்கிலாந்து நடனங்களை ஆடுவது ஒரு வழக்கமாகவே ஆனது. ஜான் ஹெர்ட்ஸ் என்ற ரசிகர் ஊர் ஊராகப் போய் அதைச் சொல்லிக்கொடுத்தார். அவர்கள் கண்டுபிடித்த தந்திரம் உங்களுக்கும் உதவும். அந்த நடனங்களில் இரண்டு நீள வரிசை, எதிரெதிரே ஜோடி, மேலே நின்று ஒருவர் அடுத்த அசைவைக் கூவிச் சொல்வார். ஒரு சுற்று முடிந்ததும் கோலாட்டத்தில் நகர்வதுபோல ஒவ்வொரு ஜோடியும் ஓர் இடம் தள்ளிப் போய் அடுத்த ஜோடியோடு ஆடும். தனியாக வந்தவன் பத்தே நிமிடத்தில் இருபது பேர் முகத்தைப் பார்த்துவிடுவான். இதில் காலடி பெரிய விஷயமே இல்லை, நடக்கத் தெரிந்தால் போதும். உங்கள் இரவின் முதல் ஆட்டம் வால்ட்ஸாக இருக்கவே கூடாது, இப்படி ஒரு வரிசை நடனமாக இருக்கட்டும். கூவிச் சொல்ல ஆள் கிடைக்காவிட்டால் 2020 ஊரடங்கில் நாடே ஆடிய 'ஜெருசலேமா' வரிசை ஆட்டம் இருக்கிறதே, அதைப் போடுங்கள். அந்த வருடம் செப்டம்பர் 24, பாரம்பரிய நாளான ஹெரிட்டேஜ் டேக்கு எல்லோரும் அதை ஆடுங்கள் என்று ஜனாதிபதி ரமபோசாவே சொன்னார். கால் மறந்திருக்காது.

சரி, வால்ட்ஸுக்கு வருவோம். மதியம் இரண்டு மணிக்கு ஒரு வகுப்பு, இரவு நடனம் தொடங்குவதற்கு முக்கால் மணி நேரம் முன்னால் அதே பாடம் இன்னொரு முறை. இரண்டாவது வகுப்பைப் பலர் விட்டுவிடுவார்கள். அதுதான் உண்மையில் வேலை செய்கிறது, ஏனென்றால் கற்ற சூட்டோடு தரையில் நிற்கிறார்கள். பால்ரூம் ஆசிரியர் ஒருவரை இரண்டுக்கும் சேர்த்துப் பேசிவிடுங்கள். நம் பிள்ளைகளுக்கு "ஒன், டூ, த்ரீ" என்று எண்ணச் சொன்னால் மூன்றுக்கு அப்புறம் கால் தானாக நாலு தேடும். 'தகிட தகிட' என்று சொல்லிப் பாருங்கள். பரதநாட்டிய வகுப்புக்குப் போனவர்களுக்கும் கோயிலில் மேளம் கேட்டு வளர்ந்தவர்களுக்கும் உடனே பிடிபடும். முதல் 'த'வில் முன்னே ஒரு பெரிய அடி, 'கி'யில் பக்கவாட்டில், 'ட'வில் கால் சேர்ப்பு. அடுத்த தகிடவில் பின்னே, பக்கம், சேர்ப்பு. இந்தப் பெட்டி அடியையும், எல்லோரும் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் தரையைச் சுற்ற வேண்டும் என்பதையும் சொல்லிக்கொடுத்தால் போதும். திருப்பமெல்லாம் ஆசைப்பட்டவர்கள் தாங்களே கற்றுக்கொள்வார்கள்.

வேகத்தில் ஏமாறாதீர்கள். மெதுவான வால்ட்ஸ் நிமிடத்துக்கு 84 முதல் 90 தாளத் தட்டு. வியன்னா வால்ட்ஸ் 180ஐத் தொடும், ஏறக்குறைய இரண்டு மடங்கு. அனிமேயிலும் வீடியோ கேமிலும் அரண்மனைக் காட்சிக்கு வரும் வால்ட்ஸ் பல இந்த வேகமான ரகம். ரசிகர்கள் அதைத்தான் கேட்பார்கள், கேட்டதைப் போட்டால் நாலு ஜோடி சுற்ற, நூறு பேர் ஒதுங்கி நின்று வீடியோ எடுப்பார்கள். அதை இரவில் ஒரே ஒரு முறை, நன்றாக ஆடுகிறவர்களுக்கு என்று அறிவித்துப் போடுங்கள். மற்றதெல்லாம் 90க்குள். டிஜேயிடம் பாட்டுப் பட்டியலைக் கொடுக்கும்போது ஒவ்வொரு பாட்டுக்கும் எதிரே தட்டு எண்ணிக்கையையும் எழுதிக் கொடுங்கள். மூன்று மணி நேரத்துக்கு ஏறக்குறைய 45 பாட்டு ஆகும். இரண்டு ஜோடி ஆட்டத்துக்கு ஒன்று யாரும் தனியாக ஆடக்கூடியது என்ற கணக்கில் அடுக்குங்கள். ஜோடி இல்லாதவர் இரண்டு பாட்டுக்கு மேல் உட்கார்ந்தால் மூன்றாவது பாட்டுக்கு வெளியே போய்விடுவார், திரும்ப வரமாட்டார்.

இந்த இடத்தில் எட்டு பத்துத் தொண்டர்களை 'நடனத் துணை' என்று நியமியுங்கள். நெஞ்சில் ஒரு பேட்ஜ். அவர்கள் வேலை ஒன்றே ஒன்று: உட்கார்ந்திருப்பவரிடம் போய் ஆட வருகிறீர்களா என்று கேட்பது. ஒரே ஆளோடு இரண்டு பாட்டு தொடர்ந்து ஆடக்கூடாது. நண்பர்களோடு ஆடி முடித்துவிட்டுக் கடமைக்கு ஒரு பாட்டு என்பதும் கூடாது. ஆண் தான் நடத்த வேண்டும், பெண் தான் பின்தொடர வேண்டும் என்று வகுப்பில் சொல்லாதீர்கள். நடத்துபவர், தொடர்பவர், அவ்வளவுதான். பெண் காஸ்பிளேயர்கள் பலர் ஆண் பாத்திரத்தில் வருவார்கள், தோழிகள் சேர்ந்து ஆட வருவார்கள். "வேண்டாம்" என்றால் சிரித்துக்கொண்டே நகர வேண்டும், காரணம் கேட்கக்கூடாது என்பதையும் வகுப்பிலேயே எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுங்கள். நுழைவாயிலில் ஒட்டிய விதிமுறைத் தாளை யாரும் படிப்பதில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெண்கள் மணிக்கட்டில் தொங்கவிட்ட சின்ன நடன அட்டையும் நல்ல யோசனை. ஆட்டங்களின் வரிசை அச்சிட்டு, எதிரே பெயர் எழுதக் கோடு. காஸ்பிளேயர்கள் தங்கள் பாத்திரத்தின் பெயரில் கையெழுத்துப் போடுவார்கள். கூச்சப்படுகிறவனுக்குப் பேச்சைத் தொடங்க அது ஒரு சாக்கு. ஏ4 தாளை நாலாக வெட்டி மடித்தால் செலவு ஒன்றுமில்லை.

உடைதான் பெரிய தலைவலி. "ஃபார்மல்" என்று மட்டும் எழுதினால் பாதிப் பேர் டிக்கெட் வாங்கமாட்டார்கள், "காஸ்பிளே வரலாம்" என்று எழுதினால் ஆறடி இறக்கையோடு ஒருவன் வந்து நிற்பான். நான் எழுதுவதாக இருந்தால்: ஃபார்மல் உடை, அல்லது உங்கள் பாத்திரம் ஒரு விருந்துக்குப் போனால் என்ன போடுமோ அது. கவசம், இறக்கை, வால், ஆயுதம் கிடையாது. முகம் தெரிய வேண்டும். அப்புறம், புடவை, வேட்டி, குர்தா, ஷெர்வானி, பஞ்சாபி சல்வார் எல்லாம் ஃபார்மல்தான் என்று பட்டியலில் பெயர் சொல்லி எழுதுங்கள். எழுதாவிட்டால் கறுப்பு சூட் இல்லாத பையன் வீட்டிலேயே இருந்துவிடுவான். சூட் வாடகைக்கே நாளெல்லாம் வேலை செய்த காசு போய்விடுகிறது.

புடவையில் வால்ட்ஸ் ஆட முடியுமா என்று கேட்பார்கள். முடியும், ஆனால் முந்தானையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஜோடிப் பிடியில் நடத்துபவரின் வலது கை, தொடர்பவரின் இடது தோள்பட்டைக்குக் கீழே முதுகில் இருக்கும். நாம் கட்டும் விதத்தில் முந்தானை தொங்குவதும் சரியாக அங்கேதான். கை கொஞ்சம் நழுவினால் தோளில் குத்திய ஊக்கு இழுத்துக்கொள்ளும், பட்டு கிழியும். அதனால் முந்தானையை முதுகுப் பக்கமிருந்து வலது இடுப்புக்குக் கொண்டுவந்து முன்னால் செருகி ஒரு பின் குத்திவிட வேண்டும். கொசுவத்தின் அடியை வழக்கத்தைவிட இரண்டு விரல் உயர்த்திக் கட்ட வேண்டும், ஏனென்றால் தொடர்பவர் பின்னே காலை வைக்கும்போது எதிரில் இருப்பவரின் ஷூ முனை அந்த விளிம்பில்தான் ஏறும். வால் நீண்ட கவுனுக்கும் இதே கதை. விளிம்பில் ஒரு வளையம் தைத்து மணிக்கட்டில் மாட்டிக்கொண்டால் தீர்ந்தது. உடை மாற்றும் அறையில் ஒரு மேசை போட்டு ஊக்கு, ஊசி நூல், இரட்டைப் பக்க டேப், சூடான பசைத் துப்பாக்கி, ஐயன் பாக்ஸ் வைத்துவிடுங்கள். ஒரு அக்காவை அங்கேயே உட்கார வையுங்கள். மாநாட்டிலேயே அதிகம் நன்றி வாங்கப்போகிறவர் அவர்தான்.

தேதியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நம் ஊரில் அதுதான் ஆளைக் கவிழ்க்கும். ஜூலை முதல் சனிக்கிழமை டர்பன் ஜூலை குதிரைப் பந்தயம். அந்த வாரம் ஹோட்டல் அறை, முடி அலங்காரம், கார் எதுவும் நியாயமான விலைக்குக் கிடைக்காது. அதற்கு அடுத்து ஆடி வந்துவிடும், வார இறுதியெல்லாம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள், வீட்டுக்கு வீடு வேலை. செப்டம்பர் நடுவில் புரட்டாசி. இந்தியாவில் மட்டுமில்லை, இங்கேயும் அந்த மாதம் முழுக்கக் கறி தொடாத குடும்பங்கள் எத்தனை! ஹெரிட்டேஜ் டே நீண்ட விடுமுறை புரட்டாசிக்குள்தான் விழும், அப்போது வைத்தால் சாப்பாடு முழுக்க மரக்கறி என்று முடிவு செய்துவிடுங்கள். அதே செப்டம்பர் பக்கம்தான் 2018இலிருந்து ஜோஹானஸ்பர்க்கின் காமிக் கான் ஆப்பிரிக்கா பெரும்பாலும் நடந்திருக்கிறது. உங்கள் காஸ்பிளேயர்களின் சேமிப்பெல்லாம் அங்கே போய்விடும். அக்டோபர், நவம்பர் மேட்ரிக் பரீட்சை. ஜனவரி, பிப்ரவரியில் தைப்பூசக் காவடி விரதம், கூடவே வியர்வையில் மேக்கப் கரையும் புழுக்கம். எனக்குப் பிடித்தது மே மாதம், அல்லது டர்பன் ஜூலை முடிந்த கையோடு வரும் பள்ளி விடுமுறை வாரம். அந்தக் குளிர்காலக் காற்றில் கோட்டு போட்டு ஆடலாம்.

ஹாலுக்குத் தரையைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள், கூரை விளக்கைப் பார்த்து அல்ல. கம்பளம் விரித்த ஹோட்டல் அறையில் வால்ட்ஸ் ஆடினால் முழங்கால் போய்விடும், மேலே போடும் மரப்பலகைத் தரைக்குத் தனி வாடகை கேட்பார்கள். பள்ளிக்கூட ஹால்களில் நல்ல மரத்தரை இருக்கும், வாடகையும் குறைவு. 120 பேரில் ஒரு நேரத்தில் பாதிப் பேர் ஆடுவார்கள் என்று வையுங்கள், முப்பது ஜோடி. ஜோடிக்கு மூன்று சதுர மீட்டர் கொடுத்தால் 90. ஒரு பேட்மின்டன் கோர்ட் ஏறக்குறைய 82 சதுர மீட்டர். அந்தக் கோட்டுக்கு வெளியேயும் ஓரளவு காலி இடம் இருந்தால் போதும், பெரிய பாவாடைக் கவுன்கள் நிறைய வருமென்றால் இன்னும் கொஞ்சம். வட்ட மேசைகளைத் தரையைச் சுற்றி அடுக்காதீர்கள். மேசை கிடைத்தவர்கள் எழுந்திருக்கமாட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கு பேருக்கு மட்டும் நாற்காலி, உணவு பக்கத்து அறையில் அல்லது வராந்தாவில். மின்வெட்டு முன்புபோல இல்லை, 2024 மார்ச்சுக்குப் பிறகு லோட் ஷெட்டிங் பெரும்பாலும் ஓய்ந்திருக்கிறது. ஆனாலும் ஜெனரேட்டர் இருக்கிறதா, அது விளக்குக்கு மட்டுமா ஒலிபெருக்கிக்கும் சேர்த்தா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கதவுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2000ஆம் ஆண்டு மார்ச் 24 அன்று நம் டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் த்ராப் என்ற கிளப்பில், பள்ளித் தவணை முடிந்த மகிழ்ச்சியில் பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்தபோது கண்ணீர்ப் புகை வெடித்து நெரிசலில் 13 பிள்ளைகள் இறந்தார்கள். நெல்சன் மண்டேலா வந்து பார்த்தார். சாட்ஸ்வொர்த் இளைஞர் மையம் அந்தத் துயரத்திலிருந்து எழுந்ததுதான். உங்களில் பலர் அப்போது பிறந்திருக்கமாட்டீர்கள், உங்கள் அம்மா அப்பாவுக்கு அந்தப் பெயர் மறக்காது. "டான்ஸுக்குப் போகிறேன்" என்று பிள்ளை சொன்னதும் அவர்கள் முகம் மாறுவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆகவே ஹாலின் அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கைச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள், அதைத் தாண்டி ஒரு டிக்கெட்கூட விற்காதீர்கள். மாலையில் நீங்களே ஒவ்வொரு வெளிவாசலுக்கும் போய்த் தள்ளிப் பாருங்கள். பூட்டோ சங்கிலியோ தொங்கினால், சாவி வைத்திருப்பவர் வந்து கழற்றும்வரை யாரையும் உள்ளே விடாதீர்கள். போட்டோவுக்கு வைக்கும் பின்னணித் திரை பெரும்பாலும் அவசர வாசலை மறைத்துத்தான் நிற்கும், அதையும் பாருங்கள். 2010ஆம் ஆண்டின் விளையாட்டு, பொழுதுபோக்கு நிகழ்வுப் பாதுகாப்புச் சட்டம் குறைந்தது 2000 பேர் கொள்ளும் இடங்களுக்குத்தான். பள்ளி ஹாலில் அது உங்களைத் தொடாது. அதனால் இதெல்லாம் உங்கள் பொறுப்பு இல்லை என்று ஆகிவிடாது.

மது வேண்டாம். டிக்கெட் வாங்குவோரில் பாதிப் பேர் 18க்குக் கீழே இருப்பார்கள், சிறப்பு உரிமம் வாங்க அலைய வேண்டும், மணிக்கட்டில் பட்டை கட்டி யார் யாருக்கு வாங்கிக் கொடுக்கிறார்கள் என்று ராத்திரி முழுக்கக் காவல் காக்க வேண்டும். மதுவில்லாத இரவு என்று போஸ்டரில் பெரிதாகப் போட்டால் ஃபீனிக்ஸிலும் வெருலத்திலும் இருக்கும் பெற்றோர் பாதிப் பேர் அப்போதே சம்மதித்துவிடுவார்கள். கண்ணாடிக் கோப்பையில் இஞ்சி பானமோ பழச்சாறோ ஊற்றினால் ஃபார்மல் தோற்றம் வந்துவிடும். சாப்பாட்டுக்கு பிரியாணி தட்டெல்லாம் வேண்டாம், கை மணக்கும், கவுனில் சிந்தும். சமோசா, சின்ன சாண்ட்விச் மாதிரி ஒரு வாயில் போடுவது, ஹலாலும் மரக்கறியும் தனித்தனி மேசையில்.

இசை உரிமம் கேட்க மறக்காதீர்கள். பாடலை இயற்றியவர்களுக்கு சாம்ரோ என்ற அமைப்பு, பதிவுக்கு சாம்ப்ரா என்ற அமைப்பு, இரண்டும் வேறு வேறு. பல ஹால்களிடம் ஏற்கெனவே இருக்கும், இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். படம் எடுப்பது பற்றியும் ஒரு வார்த்தை. தனிநபர் தகவல் பாதுகாப்புக்கான போப்பியா சட்டம் 2021 ஜூலையிலிருந்து முழுமையாக அமலில் இருக்கிறது, சின்னப் பிள்ளைகள் விஷயத்தில் பெற்றோர் சம்மதம் வேண்டும். டிக்கெட் படிவத்திலேயே ஒரு கேள்வியாக வைத்துவிடுங்கள், படம் வேண்டாம் என்றவர்களுக்கு வேறு நிறத்தில் நடன அட்டை. தரையில் படம் எடுக்கத் தடை, எடுக்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு மூலை.

மாநாட்டு அட்டவணையில் ஒரே ஓர் இடம் கவனியுங்கள். காஸ்பிளே போட்டி நாலேமுக்காலுக்குள் முடிய வேண்டும். விக்கைக் கழற்றி, பெயின்ட்டைத் துடைத்து, ஏதாவது சாப்பிட்டு, உடை மாற்ற இரண்டு மணி நேரம் பிடிக்கும். ஆறேமுக்காலுக்கு இரண்டாவது வகுப்பு, ஏழரைக்கு முதல் ஆட்டம், பத்தரைக்குக் கடைசிப் பாட்டு. பத்தரைக்கு மேல் மினிபஸ் டாக்ஸியை நம்ப முடியாது, பெற்றோர் வருவார்கள் அல்லது ஊபர், போல்ட். வாசலில் வெளிச்சமும் இரண்டு தொண்டர்களும் கடைசிப் பிள்ளை ஏறும்வரை இருக்கட்டும்.

தமிழ்ப் பாட்டு பற்றிக் கேட்டீர்கள். கேலியா? நடன இரவின் கடைசி அரை மணி நேரத்தில் ஒரு குத்துப் பாட்டு விழட்டும், அப்போது பாருங்கள், ஜப்பானியக் கதாநாயகன் வேஷத்தில் இருப்பவன்தான் முதலில் குதிப்பான். ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். தமிழ்ச் சினிமாவில் மூன்று தட்டில் நகரும் மெல்லிய பாட்டுகள் நிறைய இருக்கின்றன, வீட்டில் அம்மாவிடம் கேட்டால் பாடியே காட்டுவார். தகிட போட்டுப் பார்த்து, வேகத்தை அளந்து, 90க்குள் வருவதில் இரண்டைத் தேர்ந்தெடுத்து நடுவில் வால்ட்ஸாகவே வையுங்கள். அறிவிப்பெல்லாம் வேண்டாம். மதிய வகுப்பிலேயே அதில் ஒன்றைப் போட்டுப் பழக்கிவிடுங்கள், இரவில் கால் தன்னால் போகும். பட்டியல் தயாரானதும் எழுதுங்கள், வேகம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.